செபமாலையும் ஒரு சோடிக் காப்பும்

பம்பலப்பிட்டி,
தவக்காலம், இரண்டாம் கிழமை.

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். மன்னாரில் இருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. உன்னோடு படிப்பிக்கிற பிள்ளை, "செபமாலையில் ஒரே மந்திரத்தை 53 தரம் சொன்னால்தான் கடவுளுக்குக் கேட்குமா? ஆண்டவரே அப்படிச் செபிக்க வேண்டாம் என்றாரே" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். தங்கச்சியோடு நடந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தரம் சொல்லியும் மனம் ஆறவில்லை என்றும் எழுதியிருந்தாய். இரண்டும் எனக்கு ஒரே விஷயமாகத்தான் படுகிறது.

முதலில் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது. கூடப் பேசினால் கடவுள் இணங்கிவிடுவார் என்ற நினைப்பைத்தான் ஆண்டவர் மலைப்பொழிவில் கண்டித்தார். அதே ஆண்டவர் கெத்செமனித் தோட்டத்தில் மூன்றாம் முறையும் முன்பு சொன்ன வார்த்தைகளையே சொல்லிச் செபித்தார் என்று மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். சாவு கண்முன்னே நிற்கும்போது புதுச்சொல் தேட யாருக்கு மனம் வரும்? 136ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். ஒரே அடி 26 தரம் வருகிறது.

நம்முடைய சனத்தின் கதையையும் அவவுக்குச் சொல்லு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் குருமாரைத் துரத்தினார்கள், பூசையைத் தடுத்தார்கள். கோவாவிலிருந்து புறப்பட்ட யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது வருடம் இங்கே ஒரு குருவானவர் இல்லை. யார் கத்தோலிக்கர், யார் காட்டிக்கொடுப்பவர் என்று தெரியாத ஊரில், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தன் சனத்தைக் கண்டுபிடித்தார். பூசையைக் கண்ணால் காணாமலே வளர்ந்த பிள்ளைகள் அந்த வீடுகளில் இருந்திருப்பார்கள். தாய்மார் பாடமாக்கிக் கொடுத்த செபத்தைத் தவிர அவர்கள் கையில் வேறென்ன இருந்திருக்கும்? 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, சனத்துக்குள்ளே நின்று அந்தப் பெயர் தெரியாத தாய்மாரைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

அடிகளார் வந்ததும் அந்தச் சனம் என்ன செய்தது? 'எங்களுக்குச் செபமாலை போதும்' என்று இருந்துவிடவில்லை. இரவோடு இரவாகக் கூடிப் பாவசங்கீர்த்தனம் செய்தது, நற்கருணை வாங்கியது. திரும்பத் திரும்பச் சொன்ன செபம் அவர்களை அடுத்த படிக்கு எழுந்து போக வைத்தது. உன் செபம் உன்னை இன்னும் எழுப்பவில்லை, மகள். அதுதான் என் கவலை.

உன் அம்மா செத்த 31ஆம் நாள் நானும் அங்கே இருந்தேன். வந்த ஆட்களுக்கு முன்னே, "அம்மாவைப் பார்த்தது நான்தானே" என்று சொல்லி அவவின் ஒரு சோடிக் காப்பையும் நீயே எடுத்துக்கொண்டாய். தங்கச்சி வாயே திறக்கவில்லை. குனிந்தபடி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. கோப்பை நிறைந்து தட்டில் வழிந்ததும் அவவுக்குத் தெரியவில்லை.

நீ முதல் தரம் மனம் வருந்திச் சொன்னபோதே கடவுள் மன்னித்துவிட்டார். சுவாமி கொடுத்த பாவமன்னிப்பு அரைகுறை அல்ல. அதையே மறுபடி மறுபடி போய்ச் சொல்வது அவர் மன்னிப்பை நம்பாததுபோல ஆகிவிடும். ஆனால் சுவாமி சொல்லச் சொன்ன மூன்று அருள்நிறை மந்திரத்தோடு பரிகாரம் முடிந்தது என்று நீ எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எடுத்ததைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சீர்செய் என்பதும் திருச்சபையின் போதனைதான். சக்கேயு ஆண்டவருக்கு முன்னே எழுந்து நின்று, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகக் கொடுக்கிறேன் என்றானே. உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் அவரிடம் போ என்று ஆண்டவர் சொன்னதும் அதே மலைப்பொழிவில்தான். உன்னோடு படிப்பிக்கிற பிள்ளை இந்த இடத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் எனக்கும் பதில் இருந்திராது.

செபமாலையை விடாதே. ஆனால் ஒரு காப்பை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டுக்குப் போ. போய், "அன்றைக்கு நான் செய்தது பிழை" என்று மட்டும் சொல்லு. 'நீயும்தான்' என்ற சொல் வாயில் வரக்கூடாது. அவ உடனே கட்டிப்பிடிப்பா என்று எதிர்பார்க்காதே. கதவடியிலேயே வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போனாலும் போகட்டும், நீ கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு அவ வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சனக்கூட்டத்துக்குள்ளே இது பேசுகிற பேச்சில்லை. ஆட்களுக்கு முன்னே நடந்த பிழையை அவ வீட்டில், அவவின் பிள்ளைகளுக்கு முன்னே சொல்லு.

பெரிய வெள்ளிக்கு முன்னே வா. சனிக்கிழமை இரவு இங்கே தங்கு. நான் கூட வரமாட்டேன், இது நீ தனியப் போக வேண்டிய இடம். ஞாயிறு பூசை முடிந்தால் பத்து மணிக்குப் பிறகு அவ வீட்டில்தான் இருப்பா.

அன்புடன்,
பெரியம்மா