பாண்டியாற்றில் அணை: உழவர் கேட்க வேண்டிய கணக்கு

பந்தலூர், தேவாலா மலைகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை பாண்டியாற்றில் சேர்ந்து, புன்னம்புழா வழியாகக் கேரளத்தின் சாலியாற்றுக்குப் போய்விடுகிறது. இந்நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சளவில் இருந்து வருகிறது. 2019-ல் இரு மாநில முதலமைச்சர்கள் சந்தித்தபோதும் இது பேசப்பட்டது. திட்டம் என்றைக்கு வந்தாலும், உழவர்கள் ஒரு கணக்கை அறிந்திருத்தல் நலம்.

மின்சாரத்தின் அளவு, நீரின் அளவையும் அது விழும் உயரத்தையும் பொறுத்தது. விநாடிக்கு 1,000 லிட்டர் நீர் 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 250 கிலோவாட் கிடைக்கும். அதே நீர் 900 மீட்டர் விழுந்தால் சுமார் 7,500 கிலோவாட் கிடைக்கும். 1932-ல் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் இவ்வாறு மலைச்சரிவின் உயரத்தை நம்பி அமைந்ததே. ஆகவே மலைப்பகுதியில் பெரிய ஏரி கட்டாயமில்லை. தாழ்ந்த தடுப்பணை கட்டி, நீரைச் சுரங்கக் குழாய் வழியே கீழே இறக்கினால் மூழ்கும் நிலம் வெகுவாகக் குறையும்.

பந்தலூரில் இது சிறிய விஷயமன்று. இங்கே மேட்டில் தேயிலை, பள்ளத்தில் வயல். அணைச் சுவர் உயர உயர முதலில் மூழ்குவது நெல்லும் நேந்திரனும் விளையும் அந்தப் பள்ளமே. சைலன்ட் வேலியில் சுமார் 830 ஹெக்டேர் மூழ்கவிருந்த திட்டம் 1983-ல் கைவிடப்பட்டது. குந்தாவிலோ, ஏற்கெனவே உள்ள போர்த்திமந்து, அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கங்களை இணைத்தே 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் வகுக்கப்பட்டது.

தாழ்ந்த அணையிலும் குறை உண்டு. நீர் இருப்பு குறைவாதலால் கோடையில் உற்பத்தி சரியும். சுரங்க வாய்க்கும் மின்நிலையத்துக்கும் இடையே ஆறு வற்றும். அந்தப் பகுதிக்கு ஆண்டு முழுவதும் எவ்வளவு நீர் விடப்படும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

சிறிய தேக்கம் விரைவில் தூர்ந்துவிடும். சரிவில் தேயிலை வைப்போர் சமமட்ட வரிசையில் நடுதல், கவாத்துக் குச்சிகளை நிலத்திலேயே பரப்புதல், நீர் தேங்கி வழியுமாறு கான் வெட்டுதல் ஆகியவற்றைச் செய்தால் மண் ஆற்றுக்குப் போகாது. அணை வராவிட்டாலும் இது நட்டமில்லாத வேலை.

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பெரிய நீர்மின் திட்டங்களுக்கு மத்திய அரசின் அனுமதி தேவை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரப்பட வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்தன்று போய்க் கையெழுத்திட்டு வருவதில் பயனில்லை. சுருக்கத்தை முன்பே வாங்கி, எந்த மட்டம் வரை நீர் நிற்கும் என்று பார்த்து, அந்த மட்டத்தைத் தம் வயலில் அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.

ஜன்ம நிலச் சிக்கலால் இங்கே பட்டா இல்லாதோர் பலர். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலம் இல்லாவிடினும் அந்நிலத்தையே நம்பி மூன்று ஆண்டுகளாகப் பிழைத்து வந்த குத்தகைதாரரையும் கூலித் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதுகிறது. எனவே பச்சைத் தேயிலை விற்ற ரசீது, வீட்டு வரி ரசீது, மின் அட்டை, கூலிச் சீட்டு ஆகியவற்றை ஆண்டுவாரியாகப் பத்திரப்படுத்தி வரவும்.