உலகம் கதீமா, ஹாதிஸா? – ஓர் அகீதா பாடம்

ஜோலார்பேட்டையில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், எல்லாவற்றுக்கும் படைத்தவன் ஒருவன் வேண்டும் என்று பயானில் சொன்னீர்கள். அப்படியானால் அல்லாஹ்வைப் படைத்தவன் யார்?" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய அத்தாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் செய்தது அதைவிட மோசம். "தவ்பா செய் தம்பி, இது ஷைத்தானின் வஸ்வஸா" என்று கூறி அடுத்தவரிடம் திரும்பிவிட்டேன். அதன்பின் மூன்று ஜும்ஆக்களில் அவரை ஸஃப்பில் காணவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் என் பிழை விளங்கிற்று. நம் இமாம்கள் ஒருபோதும் "எல்லாவற்றுக்கும் படைத்தவன் உண்டு" என்று கூறியதில்லை. "இல்லாதிருந்து பின்னர் உண்டான ஒவ்வொன்றுக்கும் அதை உண்டாக்கியவன் உண்டு" என்பதே அவர்கள் கூறியது. ஒரு சொல் குறைந்ததால் வழக்கே தலைகீழாகிவிட்டது. துவக்கமுள்ளதை ஹாதிஸ் என்றும், துவக்கமில்லாததைக் கதீம் என்றும் கூறுவர். காரணம் கேட்கப்படுவது ஹாதிஸைப் பற்றியே. கதீமைப் பார்த்து "உன்னை உண்டாக்கியது யார்?" என்பது, உண்டாகாத ஒன்றை உண்டாக்கியவன் யார் என்று கேட்பதாகும்.

அப்படியானால் உலகம் ஹாதிஸ்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? மத்ரஸாக்களில் ஓதப்படும் தஃப்தாஸானீ (ரஹ்) அவர்களின் ஷரஹுல் அகாயித், உலகம் மாறுதலுக்கு உட்பட்டது, மாறுதலை விட்டு நீங்காதது புதிதாய் உண்டானதே என்று வாதிக்கிறது. ஆனால் ஃபல்சஃபாக்காரர்கள் இதற்கு எளிதில் மசியவில்லை. "அல்லாஹ் எப்போதும் இருப்பவன் எனில் அவனது செயலும் எப்போதும் இருக்க வேண்டுமே! ஏன் ஒரு நேரத்தில் படைத்தான், அதற்கு முன் ஏன் படைக்கவில்லை?" என்றனர். ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா என்ற நூலில் இதற்கு விடை தந்தார்கள். பசித்தவன் முன் எல்லா வகையிலும் சமமான இரண்டு பேரீச்சம்பழங்கள் உள்ளன. ஒன்றைத்தான் எடுக்க முடியும். இதுவா அதுவா என்று தீர்மானிக்கக் காரணமில்லை என்பதற்காக அவன் பட்டினி கிடப்பானா? ஒன்றை எடுப்பான். சமமானவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே இராதா, அதாவது நாட்டம். எனவே உலகத்தின் காரணம், நெருப்பு சுடுவதுபோல் தானாக இயங்கும் பொருளன்று; நாடிச் செய்பவன். இப்னு ருஷ்து இதற்குத் தனி நூலாகவே மறுப்பெழுதினார். வழக்கு அன்றோடு முடிந்துவிடவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்று சிலர் இந்தச் சிரமமெல்லாம் எதற்கு, விஞ்ஞானமே நிரூபித்துவிட்டதே என்கிறார்கள். நம் ஊருக்கு அருகே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் பெரிய தொலைநோக்கி ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விண்மீன் கூட்டங்கள் விலகிச் செல்வதை 1929-ல் ஹபிள் காட்டினார்; ஆதி வெப்பத்தின் மிச்சம் 1965-ல் அறிவிக்கப்பட்டது. இன்றைய விரிவு சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பர். ஆனால் அதற்கு முன் ஏதுமே இல்லையா என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த முடிவில்லை. நம் நாட்டு ஜெயந்த் நார்லிகர் பிற்காலத்திலும் பெருவெடிப்பை ஏற்கவில்லை. அக்கொள்கையின் முன்னோடியான லெமைத்ரே ஒரு பாதிரியார். 1951-ல் போப்பாண்டவர் அதைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது அவரே அதை விரும்பவில்லை. ஸூரத்துல் அன்பியாவின் 30-ஆம் ஆயத்தைப் பெருவெடிப்பு என்று மேடையில் அடித்துச் சொல்பவர்கள், வானம் மழையாலும் பூமி பயிராலும் பிளக்கப்பட்டதையே அது குறிக்கும் என்ற முன்னோர் தஃப்ஸீரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளை அந்தக் கொள்கை மாறினால், பிள்ளைகளின் ஈமானை எதில் கட்டி வைப்பது?

உலகம் ஹாதிஸ் என்று நாம் நம்புவது வஹீயின் அடிப்படையில். அதை ஏற்காதவரிடம் பேச இப்னு சீனாவின் வழியும் உண்டு. 2019 ஜூலையில் இங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோன ரயிலைப் பார்த்தோமே. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். கடைசி வேகனை அதற்கு முந்தியது இழுத்தது, அதை அதற்கும் முந்தியது. 50-க்குப் பதில் முடிவேயில்லாத வேகன்களைக் கோத்தாலும், தானே நகரும் எஞ்சின் இல்லையேல் ஒன்றும் அசையாது. உலகம் எத்தனை பழையதானாலும், பிறவற்றைச் சார்ந்தே இருப்பவற்றின் சங்கிலிதான் அது. எதையும் சாராத வாஜிபுல் வுஜூத் இன்றி அது நில்லாது.

பத்ருக் கைதிகள் விஷயமாக மதீனா வந்த ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) அப்போது முஸ்லிமல்லர். நபி (ஸல்) அவர்கள் மஃரிபில் தூர் ஸூராவை ஓதக் கேட்டார்கள். எப்பொருளுமின்றித் தாமே உண்டானார்களா, அல்லது தம்மைத் தாமே படைத்துக்கொண்டார்களா என்ற பொருளுடைய இடம் வந்ததும் இதயம் பறந்துவிடும்போல் ஆயிற்று என்று பின்னாளில் அறிவித்தார்கள். அவரை யாரும் அதட்டவில்லை, கேள்விதான் கேட்கப்பட்டது.

"உன் இறைவனைப் படைத்தவன் யார்" என்று ஷைத்தான் கேட்கும்போது அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி நிறுத்திக்கொள்ளுமாறு புகாரீ, முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. அதைத்தான் நான் அன்று அரைகுறையாகச் சொன்னேன். நிறுத்து என்பது வாயை மூடு என்றல்ல. சங்கிலி அங்கே நின்றே தீரும் என்பதாலும்தான்.

நான்காம் வாரம் அவர் வீட்டுக்கே போனேன். அவருடைய அத்தா தேநீர் கொண்டுவரச் சொன்னார். இவ்வளவையும் கேட்ட பிள்ளை, "சரி ஹஜ்ரத், எஞ்சின் உண்டு. ஐந்து வேளை தொழச் சொன்னது அவன்தான் என்று எப்படித் தெரியும்?" என்றார். அது ரிஸாலத்தின் பாடம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.