வெல்டிங் புகையும் நானோ துகளும்

நானோ துகள் என்றால் ஏதோ பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில், வெள்ளைக்கோட்டு போட்டவர்கள் தயாரிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஃபர்ஸ்ட் இயர் பையன் ராடை உரசி ஆர்க் எழுப்பினாலே அது கோடிக்கணக்கில் கிளம்புகிறது!

எப்படி என்கிறீர்களா? இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே ஜி.ஐ. பைப்பைப் பற்ற வைத்தால், இரும்பு உருகுவதற்கு முன்பே மேற்பூச்சு ஆவியாகிறது. அந்த ஆவி காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, குளிர்ந்து, வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. அது வாயு அல்ல, துத்தநாக ஆக்ஸைடு துகள். பெரும்பாலானவை 100 நானோமீட்டருக்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர்!

அரவைத் தூசி மாதிரி பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டும், துப்பிவிடலாம். ‘இவ்வளவு சின்னது என்றால் மூச்சோடு போய் மூச்சோடு வெளியே வந்துவிடாதா?’ எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. அப்படி வருவதில்லை. காற்று மூலக்கூறுகள் மோதுவதால் இவை தாறுமாறாக அலைந்து, நுரையீரல் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. 20 நானோமீட்டர் துகள்களில் ஏறக்குறைய பாதி, கடைசியிலுள்ள காற்றுப்பைகளில் தங்கிவிடும். காற்றுப்பைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரான் கூடக் கிடையாது. ஒரு பகுதி அதையும் தாண்டி ரத்தத்தில் கலக்கிறது.

இன்னொன்று, ஒரு சின்னக் கணக்கு. ஒரு மைக்ரான் பக்கமுள்ள கனசதுரத்தை 100 நானோமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டு. எடை அதேதான், மேற்பரப்பு மட்டும் 10 மடங்கு! வேதிவினை நடப்பது மேற்பரப்பில்தானே? அதனால்தான் கொஞ்சம் எடையே செல்களை அதிகமாகப் புண்ணாக்குகிறது.

என் மாமா வெல்டர். ஜி.ஐ. கேட் செய்த அன்று ராத்திரி அவருக்குக் குளிர்ஜுரம் வரும். “பால் குடிச்சா சரியாப் போயிடும் மாப்ளே” என்பார். இதற்கு உலோகப்புகைக் காய்ச்சல் என்று பெயர். வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து வரும், ஓரிரு நாளில் தானே போய்விடும். பெயர் தட்டிக்கொண்டு போவது பால்! பால் போவது வயிற்றுக்கு, புகை இருப்பது நுரையீரலில்.

காய்ச்சல் போய்விடும். மாங்கனீசு அப்படியல்ல. சாதாரண ராடின் புகையிலும் அது உண்டு. நுண்ணிய மாங்கனீசு ஆக்ஸைடை எலிகள் சுவாசித்தபோது, அது மூக்கு நரம்பு வழியாகவே மூளைக்குப் போனதை 2006இல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களில் அதிக மாங்கனீசு நடுக்கம், நடைத் தடுமாற்றம் வரை கொண்டுபோகும். 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது.

நாம் கட்டுகிற கர்சீப் இதைத் தடுக்காது. துணியின் இடைவெளி துகளைவிடப் பல மடங்கு பெரிது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 மாஸ்க் பெரும்பகுதியைப் பிடிக்கும். அதைவிட நல்லது, புகை கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் எக்ஸாஸ்ட். அது இல்லாத இடத்தில், எழும் புகைக்கு நேர்மேலே தலையை நீட்டாமல், காற்று பக்கவாட்டில் வரும்படி நிற்க வேண்டும். முதுகுப் பக்கமிருந்து வந்தால் புகை சுழன்று முகத்துக்கே வரும்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்போ பால் வேண்டாங்கிறியா?” என்றார். “பாலும் குடிங்க மாமா, ஃபேனை மட்டும் பக்கத்துல திருப்பி வைங்க” என்றேன்.