வெறும் நோட்டோடு போகலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பஜார் ரோட்டில் ஒரு மலைச்சரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் டாக்டர் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) என்றார். தெரபிக்குப் போக ஆரம்பித்தேன். எழுதிவரச் சொன்ன நோட்டை ஒரு வாரம்கூட நிரப்பியதில்லை. கடைசியாகக் குறித்த நாளையும் மறந்துவிட்டேன். இப்போது தெரபிஸ்ட் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருக்கிறது. "ஒழுங்கா இருக்கத் துப்பில்ல, அதுக்கு ஒரு வியாதிப் பேரா?" என்கிறார் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.
- வாசகி, மட்டாஞ்சேரி

பதில்: வெறும் நோட்டோடேயே போங்கள். ஏடிஹெச்டி உள்ளவர் வீட்டுப்பாடத்தை மறப்பது அந்தக் குறைபாட்டின் குணம். காய்ச்சல்காரர் உடம்பு சுடுகிறதே என்று டாக்டரிடம் மன்னிப்புக் கேட்பாரா?

போனதும் காரணம் ஜோடிக்க வேண்டாம். "மறந்துட்டேன், அப்புறம் போன் பண்ணவும் கூசிச்சு" என்றால் போதும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து 'சோம்பேறி' என்றே கேட்டுப் பழகிய மனசு அங்கேயும் திட்டை எதிர்பார்க்கும். திட்டு விழாவிட்டால், அன்றைக்கு நடந்ததுதான் உண்மையான சிகிச்சை. திட்டினால் ஆளை மாற்றுங்கள்.

உதாரணத்துக்கு, 'கடை ஜிஎஸ்டி கட்டத் தவறினேன்' என்பதைச் சரிசெய்யலாம். 'நான் துப்பில்லாதவள்' என்பதை என்ன செய்ய முடியும்? முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மனசு தாவும் இடத்தைத் தெரபிஸ்டோடு சேர்ந்து பிடியுங்கள். ஆனால் பேசி மட்டும் வெட்கம் தீராது. நாளைக்கு ஒரு பில் தொலைந்தால் திரும்ப ஊறும். ஆகவே பாதி நேரத்தை நடைமுறைக்குக் கேட்டு வாங்குங்கள். நோட்டுக்குப் பதில் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ், சந்திப்புக்கு முந்தின நாள் தெரபிஸ்டிடமிருந்தே ஒரு வாட்ஸப். மாத்திரை தேவையா என்று மனநல மருத்துவரிடமும் கேளுங்கள்.

அம்மாவிடம் ஃபகத் ஃபாசிலைப் பற்றிச் சொல்லலாம் ('மாமன்னன்' வில்லன் என்றால் தெரியும்). 2024 மே மாதம், உங்கள் எர்ணாகுளம் மாவட்டத்துக் கோதமங்கலத்தில், தனக்கு 41 வயதில் ஏடிஹெச்டி கண்டறியப்பட்டதாக மேடையிலேயே சொன்னார். நடிகருக்கும் இருக்கிறது என்பதால் கடை ஜிஎஸ்டி தானாகக் கட்டப்பட்டுவிடாதுதான். ஆனால் 41-இல் வந்தது பெயர் மட்டுமே. 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும் என்பது இதைக் கண்டறியும் விதி. அந்த வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதற்கு அம்மாவைவிட நல்ல சாட்சி யார்? தெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு ஒருமுறை அவரையும் அழைத்துப் போங்கள். குற்றம்சாட்டுவதைவிடச் சாட்சி சொல்வது அவருக்கும் எளிது.

நடுவில் மனசு ரொம்பக் கனத்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.