இரைப்பைக் குறுக்கச் சிகிச்சையும் இல்லத்தின் ஆயத்தமும்

இரைப்பையைச் சிறிதாக்கி உடற்பருமனைக் குறைக்கும் ரண சிகிச்சை, பெருநகர மருத்துவமனைகளில் இன்று வழக்கமாகிவிட்டது. நோயாளி பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்புகிறார். அதன்பின் ஏறக்குறைய ஆறு வாரம் அவரைப் பேணும் பொறுப்பு வீட்டாருடையது. ஆனால் மருத்துவமனை அளிக்கும் அறிவுரைகள் பல, தனிப் படுக்கையறையும் அதனருகே கழிப்பறையும் உள்ள வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஓர் அறையே வீடாக அமைந்த இடத்தில் அவற்றை எவ்வாறு கைக்கொள்வது என்பது ஆராயத்தக்கது.

மும்பையின் கிழக்குக் கோடியில், டிராம்பேயில் உள்ள சீத்தா கேம்பை உதாரணமாகக் கொள்ளலாம். அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976-இல் அகற்றப்பட்டபோது, அங்கிருந்தோர் இவ்விடத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். சிறு மனைகளில் எழுந்த வீடுகள் இடம் போதாமல் மேல்நோக்கி வளர்ந்துள்ளன. கீழே அடுப்பும் பாத்திரங்களும், செங்குத்தான இரும்பு ஏணியின் மேலே 'மாளா' எனப்படும் படுக்குமிடமும் இருப்பது இத்தகைய குடியிருப்புகளில் சாதாரணம்.

சிகிச்சையின் தன்மையை முதலில் அறிதல் நலம். 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிகாஷி இட்டோ ஆகிய இருவரும் இரைப்பையின் பெரும்பகுதியை விலக்கி, உணவுக்கு மாற்றுவழி அமைக்கும் முறையைத் தொடங்கினர். இன்று மிகுதியாகச் செய்யப்படும் மற்றொரு முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சுவது ஒரு குறுகிய குழல். அது கொள்ளும் அளவு சுமார் 100 முதல் 150 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேநீர்க் குவளை.

இதிலிருந்து எழும் முதற்பிரச்சினை உணவன்று, தண்ணீர். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் திரவமாவது உட்செல்ல வேண்டும். ஒரு முறைக்கு 30 மில்லிலிட்டர் எனக் கொண்டால் ஐம்பது முறை; விழித்திருக்கும் பதினான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய பதினேழு நிமிடத்திற்கு ஒரு முறை. இதனை நினைவில் வைத்து நடத்துவது எளிதன்று. காலையிலேயே ஒன்றரை லிட்டர் நீரைக் காய்ச்சி ஆறவைத்து, தனிப் பாத்திரத்தில் மூடி, அருகில் ஒரு சிறு கிண்ணத்தையும் வைத்துவிட்டால், மாலையில் எஞ்சிய அளவே கணக்குச் சொல்லிவிடும்.

பொதுக் கழிப்பிடத்தை நம்பியுள்ள குடும்பங்களில் வேறொரு தடை உண்டு. இரவில் சந்து வழியே நடந்து சென்று வரிசையில் நிற்க அஞ்சும் பெண்கள், மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வர். மற்ற நாட்களில் தாங்கக்கூடிய இப்பழக்கம், இச்சிகிச்சைக்குப் பின் உடல் நீர் வற்றி மீண்டும் மருத்துவமனை செல்லக் காரணமாகலாம். மூடியுள்ள கழிவுப் பாத்திரம் ஒன்றும், அதன்முன் ஒரு திரையும், அதனை அப்புறப்படுத்த ஓர் ஆளும் சிகிச்சைக்கு முன்பே ஏற்பாடாக வேண்டும். வெட்கத்தால் பேசப்படாத இவ்விஷயத்தை மருத்துவரும் கேட்பதில்லை என்பதே குறை.

படுக்கை கீழ்த்தளத்திற்கு மாற்றப்பட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பாரம் தூக்கலாகாது. நீர் நிரம்பிய குடம் அதனைப் போல் மூன்று மடங்கு இருக்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அதைப் பிடிப்பவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்க. அதற்காக நோயாளி படுத்தே கிடப்பதும் தவறு. கால் நரம்புகளில் இரத்தம் உறையாமலிருக்க, விழித்திருக்கையில் மணிக்கொரு முறை சந்தில் மெல்ல நடத்தல் வேண்டும்.

ஆகாரத்தில் தமிழ் வீடுகள் செய்யும் பிழை ஒன்றுண்டு. நோயாளி என்றால் கஞ்சி என்பது நம் மரபு. நாளுக்கு 60 கிராம் புரதம் தேவைப்படும் ஒருவருக்கு அரிசிக் கஞ்சி இருக்கும் சிறிதளவு இடத்தையும் வீணாக அடைத்துக்கொள்கிறது. முதல் இரண்டு வாரம் திரவம் மட்டுமே. அதில் பால், மோர், வடிகட்டிய பருப்பு நீர், மருத்துவர் குறிக்கும் புரதப் பொடி இடம்பெறலாம். பின்னர் மசித்த பாசிப்பருப்பு, குழைய வேகவைத்த முட்டை, முள் நீக்கிய வாவல் மீன் எனப் படிப்படியாக ஏறலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. நலம் விசாரிக்க வருவோர் கொணரும் இனிப்புகள், குறிப்பாக மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவருக்கு, படபடப்பும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ரமலான் அருகில் வருமாயின் அதற்கேற்பச் சிகிச்சை நாளைத் தள்ளி வைப்பது உசிதம். நோயுற்றோர் நோன்பைப் பின்னாளில் நோற்க இஸ்லாம் இடமளிக்கிறது.

நீரிழிவு மாத்திரைகளைப் பழைய அளவிலேயே தொடர்வது ஆபத்து. உணவு குறைந்ததும் இரத்தச் சர்க்கரை விரைந்து இறங்கும். மூட்டு வலிக்குக் கடையில் தாமே வாங்கும் வலி மாத்திரைகள் புண் உண்டாக்கலாம். பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து ஆகியவை ஆயுள் முழுவதும் தேவைப்படும். ஓயாத வாந்தி சில நாள் நீடித்தால் பி1 ஜீவசத்து தீர்ந்து, பார்வை தடுமாறி, நடை தள்ளாடும். தாமதித்தால் மூளையின் சேதம் நிலைத்துவிடும்.

நாடி நிமிஷத்திற்கு 120-க்கு மேல் துடித்தாலோ, காய்ச்சலுடன் வயிறும் இடத்தோளும் வலித்தாலோ, தையலில் கசிவு உண்டாகியிருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலும் மூச்சு முட்டினாலும் காத்திருத்தல் கூடாது. வண்டி நுழையாத சந்துகளில் நோயாளியைச் சாலை வரை நாற்காலியில் தூக்கிவர இரண்டு பேர் வேண்டும். அவர்கள் யார் என்பதும், 108 வண்டி எந்த முனையில் நிற்கும் என்பதும், சிகிச்சை செய்த மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும், சிகிச்சைக்குச் செல்லும் நாளன்றே கதவின் உட்புறம் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.