ஒரு டம்ளர் தண்ணீர்: சீன மொழியில் கேட்டுப் பார்ப்போம்

சங்கராபுரத்தில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. 'மீ வாட்டர் கிவ்' என்று ஒரு பிள்ளை சொன்னால் மற்றவர்கள் சிரித்துவிடுகிறார்கள். அதன்பின் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் வாய் திறப்பதில்லை. உண்மையில் அது தமிழ் வரிசையில் மிகச் சரியாக அமைந்த வாக்கியம். இதைப் புரியவைக்க, யாருக்குமே தெரியாத ஒரு மொழியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். சீன மொழியின் முன் எல்லாரும் முதல் பெஞ்சு, எல்லாரும் கடைசி பெஞ்சு.

'தயவுசெய்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்' என்பது சீனத்தில் 'சிங் கெய் வோ யி பெய் ஷுவெய்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால்: தயவுசெய்து, கொடு, நான், ஒன்று, டம்ளர், தண்ணீர். வினை முன்னால் வந்துவிடுகிறது. அதற்கு விகுதி கிடையாது. கொடு, கொடுங்கள், கொடுத்தான் எதற்கும் 'கெய்'தான். நாம் 'ங்கள்' விகுதியில் வைக்கும் மரியாதையை அவர்கள் 'சிங்' என்ற தனிச்சொல்லாக முன்னே வைக்கிறார்கள். நான், எனக்கு, என்னை மூன்றுக்கும் 'வோ' ஒன்றுதான்.

அப்படியானால் யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பது எப்படித் தெரியும்? இங்கேதான் பாடம் இருக்கிறது. சொற்களை அட்டைகளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து வரிசையாக நிற்கவையுங்கள். 'நி கெய் வோ ஷுவெய்' என்றால் நீ எனக்குத் தண்ணீர் கொடுக்கிறாய். ('நி' என்பது 'நீ'தான். தற்செயலான ஒற்றுமை, ஆனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.) 'நி', 'வோ' அட்டைக்காரர்கள் இடம் மாறி நின்றால், நான் உனக்குக் கொடுக்கிறேன் என்று பொருளே திரும்பிவிடும்.

இப்போது தமிழ் அட்டைகள்: எனக்கு, தண்ணீர், கொடுங்கள். எப்படி மாற்றி நிறுத்தினாலும் பொருள் மாறாது. காரணம், 'எனக்கு' என்பதில் ஒட்டியிருக்கும் 'கு'. நான்காம் வேற்றுமை உருபை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகள், அது செய்யும் வேலையை இங்கே கண்ணால் பார்க்கிறார்கள். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து எடுக்க ஏற்ற பாடவேளை இது. மூன்றாவதாக 'கிவ் மீ வாட்டர்' அட்டைகளைக் கொடுத்தால், ஆங்கிலமும் இடத்தை நம்பும் மொழி என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

'பெய்' இன்னொரு சுவை. ஒரு கட்டு கீரை, ஒரு முழம் பூ, ஒரு மூட்டை மரவள்ளி என்கிறோம் அல்லவா? சீனத்தில் எதை எண்ணினாலும் பெரும்பாலும் இப்படி ஓர் அளவுச்சொல் வேண்டும். இரண்டு மாடு என்பதை 'இரண்டு தலை மாடு' என்பார்கள்.

ஒலிப்பை மட்டும் தமிழ் எழுத்தை நம்பிக் கற்பிக்க வேண்டாம். பதிவு செய்த குரலைக் கேட்கவையுங்கள். 'ஷுவெய்' தாழ்ந்து எழுந்தால் தண்ணீர், சட்டென்று இறங்கினால் தூக்கம்.