பழையதும் அதைச் சுற்றிய கதைகளும்

பள்ளிக்கூட நாட்களில் காலையில் பழையது சாப்பிட்டு வந்ததை நாங்கள் வெளியே சொல்ல மாட்டோம். வாயிலிருக்கும் சின்ன வெங்காய வாசம் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அதையே மண்கலயத்தில் ஊற்றி, ஓரத்தில் மோர் மிளகாய் வைத்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அன்றைய இளப்பத்தில் எவ்வளவு கதை இருந்ததோ, இன்றைய பெருமையிலும் அவ்வளவு இருக்கிறது.

‘ஊறினால் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகும்’

100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்பு, ஒரு ராத்திரி ஊறினால் 73.91 மில்லிகிராம்: வாட்ஸ்அப்பில் வராத குடும்பக் குழு கிடையாது. இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிர்கள் எத்தனை நொதித்தாலும் அதைப் படைக்க முடியாது. சட்டியில் இருந்த இரும்புதான் விடிந்த பிறகும் இருக்கும். அரிசியிலுள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்பைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். புளிக்கும்போது அந்தப் பிடி தளர்வதால் உடம்பு சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆணுக்கு நாளொன்றுக்கு 19, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அந்த 73.91 உண்மையானால் கால் கிலோ பழையதில் ஓர் ஆணுக்கு ஒரு வாரத்துக்கு மேலான இரும்பு கிடைத்துவிடும். தினமும் பழையதே குடித்து வயலுக்குப் போன நம் பாட்டிமார் யாருக்கும் சோகையே வந்திருக்கக் கூடாதே!

‘பழையது குடித்தால் சளி பிடிக்கும்’

சளியைக் கொண்டுவருவது வைரஸ். சோற்றின் மேல் பழி போட வேண்டாம்.

‘சர்க்கரை ஏறாது’

ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவுக்கு மாறுவது மெய். மீதி சோறு சோறுதான். அளவு தப்பினால் ஏறும்.

‘திரும்பச் சூடாக்கினால் எந்தச் சோறும் நல்லதாகிவிடும்’

பயப்பட வேண்டியது இதற்குத்தான். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தங்கும். மத்தியானச் சோற்றை அப்படியே மூடிவைத்தால் அவை முளைத்துப் பெருகும். அவை விடும் நச்சுகளில் ஒன்று எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. நீர் ஊற்றி ஊறும் சோற்றில் லாக்டிக் அமிலம் சேர்ந்து புளிப்பேறுவதால் இத்தகைய கிருமிகளின் வளர்ச்சி தடைப்படும். அதற்காக மாலைவரை வெளியில் கிடந்த சோற்றில் நீர் ஊற்றிப் பயனில்லை. வடித்து, ஆறியதும் ஊற்ற வேண்டும். ஊறியது நூல் விட்டாலோ வாடை மாறினாலோ மாட்டுத் தொட்டிக்குத்தான்.

‘இது தமிழனுக்கு மட்டுமே சொந்தம்’

ஒடிசாவில் பகாளா, அசாமில் பொய்தா பாத், வங்கத்தில் பாந்தா பாத். 2021இல் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா சமையல் போட்டியின் இறுதிச் சுற்றில் போட்டியாளர் கிஷ்வர் சௌத்ரி சமைத்து வைத்தது இந்தப் பாந்தா பாத்தைத்தான்.

‘மீன்குழம்பு மறுநாள்தான் ருசி’

பழையதுக்குத் துணையாக வரும் மீன்குழம்பைப் பற்றிய இந்தப் பேச்சு பொய்யே இல்லை. புளியும் உப்பும் காரமும் ராத்திரி முழுக்க மீனுக்குள் இறங்குகின்றன. படுக்கப் போகுமுன் ஒரு கொதி விட்டு, ஆறவைத்து எடுத்துவைத்தால் போதும்.

சுண்டிய குழம்பு தீர்ந்ததும் அம்மா அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து உருட்டித் தருவாள். நானும் தம்பியும் அடித்துக்கொள்வோம். ‘சட்டியை வழித்துத் தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும்’ என்று ஆச்சி மிரட்டுவாள். வழித்தது முழுக்க நான்தான். என் கல்யாணத்தன்று பந்தலுக்குள்ளேயே வெயில் கொளுத்தியது.